த்ராஹேயா, பெஸ்தீதோவா, கொன்ஹூன்தோவா? வாசகர் கேள்வி–பதில்

ஸ்பானிஷ் உடைச் சொற்கள் பற்றி வந்த கேள்விகளை இந்த இதழில் ஒன்றாக எடுத்துக்கொண்டிருக்கிறோம். சொற்களை ஒலிப்படி தமிழில் எழுதியிருக்கிறோம். ‘பெஸ்தீதோ’வின் முதல் எழுத்தை ‘பஸ்’ என்பதில் வரும் ‘ப’ போலச் சொல்லுங்கள். ‘த்ராஹே’யில் வரும் ‘ஹே’யை, குறிப்பாக ஸ்பெயினில், தொண்டையிலிருந்து அழுத்திச் சொல்வார்கள்.

கேள்வி (சென்னை வாசகி): ஸ்பானிஷ் படிக்கத் தொடங்கி ஆறு மாதம் ஆகிறது. கட்டுரையில் ‘டிரஸ்’ வரும் இடத்தில் எல்லாம் பெஸ்தீதோ என்று எழுதினேன். ஆசிரியர் பாதிக்கு மேல் அடித்துவிட்டார். அகராதியில் அந்தச் சொல்தானே இருக்கிறது?

பதில்: சிக்கல் நம்முடைய ‘டிரஸ்’ஸில் இருக்கிறது. “நல்ல டிரஸ் போட்டுக்கிட்டு வா”, “தீபாவளிக்கு டிரஸ் எடுத்தாச்சா?”, “அந்த டிரஸ் உனக்கு எடுப்பா இருக்கு” என்று மூன்று விதமாகச் சொல்கிறோம். தமிழில் மூன்றுக்கும் ஒரே சொல் போதும். ஸ்பானிஷில் போதாது.

முதல் இரண்டு இடத்திலும் வர வேண்டியது ரோப்பா. ‘துணிமணி’ என்று பொதுவாகச் சொல்கிறோமே, அதுதான் இது. எத்தனை உருப்படி இருந்தாலும் ஒருமையிலேயே நிற்கும்: ‘லா ரோப்பா எஸ்தா சூசியா’, துணியெல்லாம் அழுக்காக இருக்கிறது. ‘ரோப்பாஸ்’ என்று பன்மையாக்குவது நம் மாணவர்கள் அடிக்கடி செய்யும் பிழை. எண்ணிச் சொல்ல வேண்டுமானால் ப்ரேந்தா. சலவைக் கடையில் ஒரு ப்ரேந்தாவுக்கு இவ்வளவு என்றுதான் கணக்கு. கடையில் போட்டுப் பார்க்கும் அறைக்குள் இத்தனை ப்ரேந்தாஸ் கொண்டுபோகலாம் என்று எழுதி வைத்திருப்பதும் இதே சொல்லால்தான்.

மூன்றாவது வாக்கியம், என்ன டிரஸ் என்பதைப் பொறுத்தது. தோளிலிருந்து கீழ்வரை ஒரே துண்டாக இருக்கும் பெண்கள் உடை என்றால் பெஸ்தீதோ. மேலே ஒன்று, கீழே ஒன்று, இரண்டும் ஜோடியாக இருந்தால் கொன்ஹூன்தோ. நாம் ‘செட்’ என்கிறோமே, அது. ஒரு ஹேங்கரில் ஒரே உருப்படியாகத் தொங்குமா என்று பாருங்கள். தொங்கினால் பெஸ்தீதோ. சட்டை தனி, பாவாடை தனி என்று பிரிந்தால் அந்தச் சொல் வராது.

இன்னொரு இடத்தையும் கவனியுங்கள். ‘பெஸ்தீதோ’ என்பது ‘உடுத்திய’ என்ற பெயரெச்ச வடிவமாகவும் வரும். ‘பா பெஸ்தீதோ தே நேக்ரோ’ என்றால் அவர் கறுப்பு உடுத்தியிருக்கிறார் என்று பொருள், ஆணுக்கும் பொருந்தும். பெண் என்றால் ‘பா பெஸ்தீதா’. ‘யேபா உன் பெஸ்தீதோ நேக்ரோ’ என்றால்தான் கறுப்புக் கவுன் போட்டிருக்கிறார் என்றாகும். முன்னால் ‘உன்’ இருக்கிறதா என்று பார்த்தாலே பாதிக் குழப்பம் தீரும்.

அத்துவேந்தோ, பெஸ்திமேந்தா, இந்துமென்தாரியா என்ற மூன்றும் எழுத்து நடைக்கு உரியவை. பத்திரிகைச் செய்தியில் ஒருவர் உடுத்தி வந்த மொத்தத் தோற்றத்தை ‘அத்துவேந்தோ’ என்பார்கள். அலுவலக உடைக்கட்டுப்பாடு ‘கோதிகோ தே பெஸ்திமேந்தா’. அருங்காட்சியக விளக்கப் பலகையில் ‘இந்துமென்தாரியா’ வரும். தோழியிடம் “உன் இந்துமென்தாரியா அழகு” என்று சொன்னால், நாம் “உன் ஆடை அணிகலன் சிறப்பு” என்று சொன்னதுபோல் ஆகிவிடும். இளைஞர்கள் ஆங்கிலச் சொல்லை அப்படியே எடுத்து ‘அவுட்ஃபிட்’, ‘லுக்’ என்கிறார்கள். மொழி ஆலோசனை தரும் ஃபுந்தேயு அமைப்பு, அவற்றுக்குப் பதில் கொன்ஹூன்தோ, அத்துவேந்தோ போன்றவற்றைப் பரிந்துரைக்கிறது. தேர்வுத் தாளில் அந்தப் பரிந்துரைப்படி எழுதுவதே நல்லது.

கேள்வி (கோயம்புத்தூர் வாசகர்): கோட் சூட்டுக்கு ‘த்ராஹே’ என்று படித்தேன். பெரு நாட்டின் லிமாவிலிருந்து வந்த கடிதத்தில் ‘தெர்னோ’ என்று இருந்தது. எது சரி?

பதில்: இரண்டும் சரி. நாடுதான் வேறு.

ஸ்பெயினிலும் மெக்சிகோவிலும் ஆண்களின் கோட்டும் பேன்ட்டும் சேர்ந்தது த்ராஹே. பெரு, சிலி, ஈக்வடார், பொலிவியாவில் தெர்னோ. மூன்று சேர்ந்த தொகுதி என்பது அதன் அடிப்பொருள். கோட், பேன்ட், உள்ளே போடும் கையில்லா வெயிஸ்ட்கோட். இப்போது வெயிஸ்ட்கோட் இல்லாவிட்டாலும் அந்த நாடுகளில் தெர்னோதான். ஸ்பெயினில் மட்டும் தெர்னோ என்றால் மூன்றும் இருக்க வேண்டும். அர்ஜென்டினாவில் ‘ஆம்போ’ என்று ஒரு சொல் உண்டு. ‘இரண்டும்’ என்ற லத்தீன் சொல்லிலிருந்து வந்தது, எனவே இரண்டு உருப்படி. அங்கே மருத்துவமனையில் மருத்துவரும் செவிலியரும் போடும் சட்டை–பேன்ட் சீருடையும் ஆம்போதான். அதே உடை ஸ்பெயின் மருத்துவமனையில் ‘பிஹாமா’, அதாவது பைஜாமா! மருத்துவர் பிஹாமாவில் வந்தார் என்று படித்தால் தூக்கக் கலக்கத்தில் வந்ததாக எண்ண வேண்டாம்.

கொலம்பியாவில் ஆண்களின் சூட்டையும் ‘பெஸ்தீதோ’ என்று சொல்வது உண்டு. மேலே சொன்ன ஹேங்கர் சோதனை அங்கே தோற்றுப்போகும். மேல்கோட்டை மட்டும் தனியாகச் சொன்னால் ஸ்பெயினில் அமெரிக்கானா அல்லது ச்சக்கேத்தா, லத்தீன் அமெரிக்காவின் பெரும்பகுதியில் சாக்கோ.

பெண்கள் போடும் கோட் சூட், கீழே பாவாடை இருந்தாலும் பேன்ட் இருந்தாலும், ஸ்பெயினில் ‘த்ராஹே தே ச்சக்கேத்தா’, மெக்சிகோவில் ‘த்ராஹே சாஸ்த்ரே’. நேர்முகத் தேர்வுக்கு என்ன போட்டுப் போவது என்று ஒரு பெண் கேட்டால் இந்த முழுச் சொல்லைத்தான் சொல்ல வேண்டும். வெறும் ‘த்ராஹே’ என்றால் ஒற்றைத் துண்டு நீள உடையாகவும் எடுத்துக்கொள்ள இடம் உண்டு. மணப்பெண் உடையை ‘பெஸ்தீதோ தே நோபியா’ என்பதோடு ‘த்ராஹே தே நோபியா’ என்றும் சொல்கிறார்களே, அந்தப் பொருளில்.

கேள்வி (திண்டுக்கல் வாசகர்): ‘த்ராஹே எல் த்ராஹே’ என்று ஒரு பாடத்தில் வந்தது. அச்சுப் பிழையா?

பதில்: பிழை இல்லை. முதல் த்ராஹே, கொண்டுவருதலைக் குறிக்கும் ‘த்ராயேர்’ வினையின் இறந்தகாலம். “சூட்டைக் கொண்டுவந்தேன்” என்று பொருள். பெயர்ச்சொல்லுக்கு முன்னால் எல், உன், மி போன்ற ஒன்று பெரும்பாலும் நிற்கும், வினைக்கு முன்னால் நிற்காது.

கேள்வி (திருப்பூர் வாசகர்): பின்னலாடை ஏற்றுமதி அலுவலகத்தில் ஆர்டர் ஆவணங்களை மொழிபெயர்க்கிறேன். டி-ஷர்ட், டிராக் சூட், குழந்தை உடை மூன்றிலும் ஒரு வாங்குநர் சொல் இன்னொருவருக்குப் பொருந்தவில்லை. நிரந்தரப் பட்டியல் தர முடியுமா?

பதில்: எல்லா நாட்டுக்கும் ஒரே பட்டியல் போட்டால் நிச்சயம் தவறும். சொல்லுக்குப் பக்கத்தில் நாட்டின் பெயருக்கு ஒரு கட்டம் வையுங்கள். காரணம் கீழே தெரியும்.

டி-ஷர்ட் ஸ்பெயினிலும் கொலம்பியாவிலும் கமிசேத்தா. மெக்சிகோவில் ப்லயேரா, அர்ஜென்டினாவிலும் உருகுவேயிலும் ரெமேரா, சிலியில் போலேரா, பெருவில் போலோ, வெனிசுவேலாவில் ஃப்ரனேலா, கியூபாவில் புலோபெர். இங்கேதான் பொறி இருக்கிறது. ஸ்பெயின் வாங்குநர் ‘போலோ’ என்று எழுதினால் அவர் கேட்பது காலரும் மேலே இரண்டு மூன்று பட்டனும் உள்ள சட்டை. பெரு வாங்குநரின் போலோவில் காலர் இருக்க வேண்டியதில்லை. சிலிக்காரரின் போலேரா அரைக்கை டி-ஷர்ட். பெருக்காரர் போலேரா கேட்டால் உள்ளே பஞ்சு போன்ற துணி வைத்த ஸ்வெட்ஷர்ட். அர்ஜென்டினாவில் அது கழுத்தை மூடிய மேல்சட்டை. கியூபாவின் புலோபெரை அர்ஜென்டினாவில் கேட்டால் கம்பளி ஸ்வெட்டர் வரும். சொல் ஒன்று, துணியின் கனமும் கழுத்தும் கையும் வேறு வேறு. மாதிரித் துண்டு வெட்டிய பிறகு இது தெரியவந்தால் நஷ்டம்.

டிராக் சூட் ஸ்பெயினில் ச்சாந்தால். (பிரெஞ்சில் பூண்டு வியாபாரியைக் குறிக்கும் சொற்றொடரின் வாலிலிருந்து வந்த சொல் இது. பாரிஸ் சந்தையில் பூண்டு விற்றவர்கள் போட்ட கம்பளி மேல்சட்டையின் பெயராக இருந்தது.) மெக்சிகோவில் பான்ட்ஸ், சிலியிலும் பெருவிலும் பூசோ, கொலம்பியாவில் சுததேரா. அர்ஜென்டினாவில் பூசோ என்றால் மேல்சட்டை மட்டும், ஸ்பெயினில் சுததேராவும் அப்படியே. ஆகவே பூசோ, சுததேரா என்ற இரண்டில் எது ஆவணத்தில் வந்தாலும், ஒரு உருப்படியா இரண்டா என்று கேட்டு எழுத்தில் பதில் வாங்காமல் நகராதீர்கள். ‘தோஸ் பியேசாஸ்’, இரண்டு உருப்படி, என்று பக்கத்தில் சேர்த்துவிட்டால் எந்த நாட்டிலும் பிசகாது.

குழந்தைக்குக் கீழே பட்டன் போடும் சிறு உடை ஸ்பெயினில் ‘போதி’, மெக்சிகோவில் ‘பன்யலேரோ’. கால்வரை மூடும் ஒற்றை உடை ஸ்பெயினில் பெலேலே, மெக்சிகோவில் மமெலூக்கோ, அர்ஜென்டினாவில் என்தெரீத்தோ. பெரியவர்களுக்கான ஜம்ப்சூட் ஸ்பெயினில் மோனோ, கொலம்பியாவிலும் பெருவிலும் என்தெரீசோ. தொழிற்சாலையில் போடும் முழு உடுப்பு ஸ்பெயினில் மோனோவேதான், அமெரிக்கக் கண்டத்தில் பெரும்பாலும் ஓவெரோல். வெனிசுவேலாவில் மோனோ என்றால் டிராக் பேன்ட். மோனோவுக்குக் குரங்கு என்றும் பொருள் உண்டு என்பதால் கணினி மொழிபெயர்ப்பு சில சமயம் ‘நீலக் குரங்கு, அளவு எம்’ என்று தரும். அனுப்பும் முன் ஒருமுறை கண்ணால் படியுங்கள்.

அளவுக்கும் சொல் மாறும்: ஸ்பெயினில் தாயா, அர்ஜென்டினாவில் தாயே. பின்னலாடை மொத்தமாக ‘ஹேனெரோ தே புன்தோ’.

கேள்வி (மதுரை வாசகி): மாறுவேடப் போட்டி உடை, நாடக உடை, நாட்டுப்புற உடை, மூன்றுக்கும் ‘திஸ்ஃப்ராஸ்’ போடலாமா?

பதில்: முதலாவதற்கு மட்டும். திஸ்ஃப்ராஸ் என்றால் தான் அல்லாத ஒன்றாகத் தோன்றப் போடுவது, நம் ‘வேஷம்’. மாறுவேடப் போட்டி ‘கொன்கூர்சோ தே திஸ்ஃப்ராசேஸ்’. நாடகம், சினிமாவில் பாத்திரங்களின் உடைத் தொகுதி பெஸ்துவாரியோ. ஸ்பெயினின் கோயா விருதுகளில் உடை வடிவமைப்புப் பிரிவின் பெயரிலேயே அந்தச் சொல் இருக்கிறது. விளையாட்டரங்கில் பெஸ்துவாரியோ என்றால் உடை மாற்றும் அறை.

மூன்றாவதில்தான் மனம் புண்படும். ஒரு ஊரார் தம்முடையது என்று அணியும் உடையைத் திஸ்ஃப்ராஸ் என்றால், அது வெறும் வேஷம் என்று சொன்னதாகும். குவாத்தமாலாவின் மாயா பெண்கள் நெய்து அணியும் மேற்சட்டை உவிபில், இடுப்பில் சுற்றும் துணி கோர்த்தே, இடுப்புக் கச்சை ஃபாஹா. எல்லாம் சேர்ந்து த்ராஹே. அதைத் திஸ்ஃப்ராஸ் என்பது அவமதிப்பு. ஸ்பெயினின் செவில்லா நகரில் புனித வார ஊர்வலத்தில் கூம்புத் தலையணியோடு நடப்பவர்கள் நஸரேனோக்கள். அவர்கள் போடுவது தூனிகா, கூம்பு கப்பிரோத்தே, முகத்தை மூடுவது அன்திஃபாஸ், மொத்தமும் ஆபிதோ. அது நோன்பின் உடை. அங்கேயும் திஸ்ஃப்ராஸ் வாயில் வரக் கூடாது.

கார்னிவலிலும் எல்லா இடத்திலும் ஒரே சொல் இல்லை. காதிஸ் நகரில் பாட்டுக் குழுக்கள் அந்த ஆண்டுக்கென்று தைத்துக்கொள்ளும் உடை ‘தீப்போ’. சாந்தா க்ரூஸ் தே தெனெரிஃபேயில் கார்னிவல் ராணி அணிந்துவரும் பிரமாண்ட அமைப்பு ‘ஃபன்தசீயா’. காளைப்போர் வீரர் அணிவது ‘த்ராஹே தே லூசேஸ்’, ஒளிகளின் உடை. அதன் குட்டைக் கோட்டு ச்சக்கேத்தீயா, முழங்காலுக்குக் கீழ்வரை இறுக்கும் கால்சட்டை தலெகீயா, தொப்பி மொன்தேரா. செய்தி எழுதுபவர்கள் இந்த உடையை நிறத்தாலேயே சொல்வார்கள். ‘தே க்ரானா இ ஓரோ’ என்றால் பட்டின் நிறம் கருஞ்சிவப்பு, மேலே செய்த சரிகை வேலை பொன். முதல் சொல் துணி, இரண்டாம் சொல் சரிகை. இந்த வரிசை மாறாது. பொன் சரிகை தலைமை வீரருக்கு, அவருடைய உதவியாளர்களான பந்தெரியேரோக்களுக்குப் பெரும்பாலும் வெள்ளி.

கேள்வி (புதுச்சேரி வாசகி): செவில்லாவின் ஏப்ரல் திருவிழாவுக்குப் போகிறேன். ‘த்ராஹே தே ஃப்லமேன்கோ’ வாடகைக்குக் கேட்கலாமா?

பதில்: ஓர் எழுத்தை மாற்றிக் கேளுங்கள்: ‘த்ராஹே தே ஃப்லமேன்கா’. ஃப்லமேன்கோ அந்தக் கலை. ஃப்லமேன்கா, அப்படி உடுத்திய பெண். 1847இல் மாட்டுச் சந்தையாகத் தொடங்கிய திருவிழா அது. இன்று அங்கே பெண்கள் உடுத்துவது இந்த உடையைத்தான். மேடையில் ஆடுபவர்கள் அணியும், பின்னால் நீண்ட வால் தரையில் புரளும் உடை ‘பாத்தா தே கோலா’. கடையில் அந்தப் பெயரைச் சொல்லிவிட்டால் கூட்டத்தில் நடக்க முடியாத உடையை எடுத்துத் தருவார்கள்.

உடம்போடு ஒட்டி இறங்கி, கீழே அடுக்கடுக்காக விரியும் மடிப்புகள் போலான்தேஸ். அவை இடுப்பில் தொடங்குகின்றனவா முழங்காலில் தொடங்குகின்றனவா என்று கேட்டு வாங்குங்கள். முழங்காலில் தொடங்கினால் பார்க்க அழகு, ஆனால் பேருந்துப் படி ஏறுவது கடினம். தோளில் குறுக்கே போடும் சிறு குஞ்சச் சால்வை மன்தொன்சீயோ, தலையில் பூ, பெரிய காதணி பென்தியேந்தேஸ். காலுக்குக் கயிற்று அடிப்பாகமுள்ள அல்பர்காத்தாஸ் போட்டால் மணல் தரையில் நாள் முழுவதும் நிற்கலாம். “நான் ஃப்லமேன்கா உடையில் போகிறேன்” என்பதற்கு ‘போய் தே ஃப்லமேன்கா’. உடன் வரும் ஆணுக்கு ‘த்ராஹே கோர்த்தோ’ கட்டாயம் இல்லை. அது பெரும்பாலும் குதிரையேறி வருபவர்களின் உடை. கோட்டும் டையும் போதும்.

கேள்வி (சிங்கப்பூர் வாசகர்): மாட்ரிடில் நண்பர் திருமணம். அழைப்பிதழில் ‘எத்திகேத்தா’ என்று இருக்கிறது. வழிகாட்டுங்கள்.

பதில்: எத்திகேத்தா என்றால் வழக்கமான சூட் போதாது. மாலை விருந்து என்றால் எஸ்மோக்கின், அதாவது டக்சீடோ, கறுப்பு வில் டையோடு. பகல் திருமணத்தில் மணமகனும் தந்தையரும் பின்பக்கம் வளைந்து நீளும் ச்சக்கே அணிவது வழக்கம். ஃப்ராக் இவற்றிலெல்லாம் உயர்ந்தது, அரசு விருந்து போன்ற இடங்களுக்கு உரியது. சொல்லைக் கேட்டு ஏமாறாதீர்கள்: நம் ஊர் ஃபிராக் சிறுமியின் கவுன், அவர்கள் ஃப்ராக் ஆண்களின் வால்கோட்டு. அழைப்பிதழில் நேரத்தைப் பாருங்கள். பகலில் எஸ்மோக்கின் போட்டுப் போவதுதான் வெளியூர் விருந்தினர் வழக்கமாகச் செய்யும் தவறு. ‘கோக்தெல்’ என்று மட்டும் இருந்தால் ஆணுக்குக் கருநிறச் சூட், பெண்ணுக்கு முழங்கால் அளவு பெஸ்தீதோ. பெண் விருந்தினர் வெள்ளை அணியக் கூடாது.

கேள்வி (தஞ்சாவூர் வாசகி): டேலே (DELE) என்ற ஸ்பானிஷ் தகுதித் தேர்வின் பேச்சுப் பகுதியில் படத்தை விவரிக்க வேண்டும். சேலை, வேட்டி கட்டியவர்கள் படத்தில் வந்தால்?

பதில்: சேலை ‘எல் சாரி’, ஆண்பால். அகராதியிலேயே இருக்கிறது. பெஸ்தீதோ என்று சொல்லிவிடாதீர்கள், அது தைக்காத துணி. ‘யேபா உன் சாரி தே சேதா’, பட்டுச்சேலை கட்டியிருக்கிறார், என்று சொல்லி, தெரியாதவருக்காக ‘சின்கோ மேத்ரோஸ் இ மேதியோ தே தேலா’, ஐந்தரை மீட்டர் துணி, என்று சேர்க்கலாம். ஜாக்கெட் ‘உனா ப்லூசா கோர்த்தா’. ‘த்ராஹே தீப்பிகோ’ என்பதைத் தவிர்ப்பது நல்லது. அது திருவிழாவுக்கு மட்டும் எடுக்கும் உடையை நினைவூட்டும். நம் பெண்கள் அதை அன்றாடம் வயலுக்கும் அலுவலகத்துக்கும் கட்டிப் போகிறார்கள். வேட்டிக்குத் தயார்ச் சொல் இல்லை. ‘உனா தேலா ப்லான்கா அதாதா அ லா சின்தூரா’, இடுப்பில் கட்டிய வெள்ளைத் துணி, என்று விளக்குங்கள். ஃபால்தா, பாவாடை, என்றால் தேர்வாளர் மனத்தில் வேறு படம் வரும்.

வினையில் இரண்டு இடத்தில் மதிப்பெண் போகும். “அணிந்துகொண்டிருக்கிறார்” என்று நினைத்து ‘எஸ்தா யெபாந்தோ’ என்று நீட்டாமல் ‘யேபா’ என்று சொன்னால் போதும். ‘பொனேர்சே’ அணிந்துகொள்ளும் செயலுக்கு மட்டும்.

கேள்வி (நாகர்கோவில் வாசகர்): பள்ளியில் ‘கலர் டிரஸ்’, காவல்துறையில் ‘மஃப்டி’. இவற்றுக்கு?

பதில்: கலர் டிரஸ் ‘ரோப்பா தே காயே’, தெருவில் போடும் துணி. ‘ரோப்பா தே கொலோரேஸ்’ என்றால் சலவை இயந்திரத்தில் வெள்ளையிலிருந்து பிரிக்கும் துணிக்குவியல்! மஃப்டி ஸ்பெயினில் ‘தே பைசானோ’, லத்தீன் அமெரிக்காவில் ‘தே சிவில்’.

கேள்வி (யாழ்ப்பாண வாசகி): ஒருவரின் உடுப்பு நல்லா இருக்கு என்று இயல்பாக எப்படிச் சொல்வது?

பதில்: ‘கே பியென் தே கேதா’, உனக்கு எவ்வளவு நன்றாகப் பொருந்துகிறது. எந்த நாட்டிலும் செல்லும். உடுப்பு பன்மையானால் வினையும் பன்மையாகும்: பேன்ட் என்றால் ‘தே கேதான்’. ஸ்பெயினில் ‘தே சியேந்தா பியென்’ என்றும் சொல்வார்கள். பளபளவென்று உடுத்தி வந்தவரை ‘பா தே பூன்தா என் ப்லான்கோ’ என்பார்கள். அதில் ப்லான்கோ இருந்தாலும் வெள்ளை உடுப்பு என்று பொருள் இல்லை. ‘கே பின்தாஸ்’ என்று யாராவது சொன்னால் பாராட்டு என்று நன்றி சொல்லிவிடாதீர்கள். “இதென்ன கோலம்” என்கிறார்கள். கடையில் போட்டுப் பார்த்துத் தொளதொளவென்று இருந்தால் ‘மே கேதா க்ரான்தே’. இறுக்கமாக இருந்தால் ‘மே கேதா பெகேன்யோ’, பேன்ட் என்றால் ‘மே கேதான் பெகேன்யோஸ்’.